குடை இன்னும் வரவில்லை

எனக்குத் தெரிந்த பாட்டுகளில் அரசாங்க விதி ஒன்றை எடுத்துச் சொல்லுகிற பாட்டு ஒன்றுதான் உண்டு. அது ஒரு பிரெஞ்சுப் பாட்டு. தொலைந்த பொருட்களைப் பொறுப்பேற்கும் கந்தோரில் ஒரு பெண் வேலை செய்கிறாள். ரயிலில் குடையைத் தவறவிட்ட ஒருவன் அதைக் கேட்டு வருகிறான். குடை ஏற்கனவே வந்துவிட்டது, அவளுடைய மேசைக்குக் கீழேதான் கிடக்கிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான். ஆகவே, "இன்னும் வரவில்லை, அடுத்த கிழமை வந்து பாருங்கள்" என்கிறாள். அவனும் கிழமைக்குக் கிழமை வருகிறான். ஒரு வருடத்துக்குள் உரியவர் பெற்றுக்கொள்ளாத பொருளை ஏலத்தில் விடவேண்டும் என்ற விதியைப் பாட்டின் நடுவில் அவளே சொல்லிக் கவலைப்படுகிறாள். கடைசியில் மழைக்காலம் போய்விடுகிறது. அவனும் வராமல் விட்டுவிடுகிறான்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தபோது நானும் எத்தனையோ பேரிடம் "அடுத்த கிழமை வாங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். காதல் அதற்குக் காரணமாக இருந்ததில்லை. கோப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது ஜேர்மனியில், ஹம் நகரத்து அகதி விடுதியில். விடுதிச் சமையலறையில் இருந்த வானொலியின் திருகு உடைந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு பிரெஞ்சு நிலையம் வந்துகொண்டிருந்தது. ஈழம், கானா, லெபனான் என்று எல்லா நாட்டவரும் அந்த வானொலிக்குக் கீழே நின்று வெங்காயம் வெட்டினோம். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. என் கட்டில் சமையலறைச் சுவருக்கு மறுபக்கம் இருந்தது. ஒருநாள் மாலை சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வந்தது. அழகான குரல் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் களைப்பு. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கதை சொல்லுகிற ஒருத்தியின் குரல் போல இருந்தது.

மற்றவர்கள் எல்லாரும் ஜேர்மன் மொழி படிக்க ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் முதியோர் கல்வி நிலையத்தில் பிரெஞ்சு படிக்கப் பதிந்துகொண்டேன். ஹம்மில் இருந்துகொண்டு பிரெஞ்சு படித்த ஒரே அகதி நானாகத்தான் இருப்பேன். விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் அதைப் பெரிய வியாதியாகவே எடுத்துக்கொண்டான்.

"மச்சான், உனக்கு விசா தரப்போறவன் ஜேர்மன்காரன். நீ ஏன் பக்கத்து வீட்டுக்காரனோட கதைக்கப் பழகுறாய்?"

பிறகு பழைய சாமான் சந்தையில் அந்தப் பாடகியின் இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. மேடையில் பாடும்போது பார்வையாளரோடு சேர்த்துப் பதிவு செய்தது. அதில் குடைப் பாட்டும் இருந்தது. அந்தத் தட்டுத்தான் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. பாட்டின் நடுவில், அவன் மறுபடி வந்து குடையைக் கேட்கிற இடத்தில், பியானோ நின்றுவிடுகிறது. குரலும் இல்லை. மௌனம். திடீரென்று சபை முழுவதும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்கி முடியவில்லை, யாரோ கையால் பொத்தியதுபோல அறுந்துவிடுகிறது. அதன் பிறகு, மிகவும் மெதுவாக, "இன்னும் வரவில்லை" என்ற வரி.

அந்த மௌனத்தில் அவர் என்ன செய்தார்? எதைப் பார்த்து அவ்வளவு பேரும் சிரித்தார்கள்? சிரித்தவர்கள் ஏன் வாயை மூடினார்கள்? இசைத்தட்டில் அது இல்லை. அட்டையில் இல்லை. பிற்காலத்தில் கணினியில் தேடிப் பார்த்தேன், அங்கும் அவர் அந்தப் பாட்டைப் பாடுகிற படம் கிடைக்கவில்லை. மேடையில் அதைப் பாடும்போது ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசையாகிவிட்டது. மற்ற ஆசைகளுக்கெல்லாம் விண்ணப்பப் படிவம் இருந்தது. நிரப்பினேன், கிடைத்தன. இதற்கு மட்டும் படிவம் இல்லை.

அவர் முதல் வரிசைப் பாடகி அல்ல. பெரிய பெயர்கள் மேடைக்கு வருமுன் சபையைச் சூடாக்குகிற இடத்தில்தான் அவரைப் பல வருடங்கள் வைத்திருந்தார்கள். பிறந்தது வடபிரான்சில் ஒரு நிலக்கரி ஊர். ஹம்மைப் போலவே கரியும் மழையும் உள்ள இடமாம். தகப்பன் சுரங்கத் தொழிலாளி என்று ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். இன்னொன்றில் தகப்பன் சுரங்கத்துச் சாப்பாட்டுக்கடையில் கணக்கெழுதினார். புகலிட விசாரணையில் இப்படி மாற்றிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிராகரித்திருப்பார்கள். பாடகிகளை யாரும் நிராகரிப்பதில்லை.

பாரிஸுக்கு அவர் பாடப் போகவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குப் போனார். பிழையான இலக்கத்துக்கு இணைத்துவிட்டதாகத் திட்டுவதற்காக ஒரு பாட்டுக்காரர் அழைத்தார். திட்டி முடித்தபின், "நீங்கள் எப்போதாவது பாடியதுண்டா?" என்று கேட்டார். குடைப் பாட்டை எழுதியவர் அவர்தான். கவுண்டருக்குப் பின்னாலிருந்து மற்றவர்களைக் காக்கவைக்கிற ஒரு பெண்ணின் பாட்டை வேறு யாருக்கு எழுதுவார்?

நிலவறைக் கூடங்களில், புகைக்கு நடுவில் பாடினார். துள்ளல் பாட்டுகள் வந்து எல்லாரும் மாறியபோது அவர் மாறவில்லை. ஆகவே பிரான்சில் அவரை மறந்தார்கள், ஜேர்மனியில் கண்டுபிடித்தார்கள். மழை பெய்கிற தொழிற்சாலை ஊர்களில் அவருக்குக் கூட்டம் சேர்ந்தது. பாட்டுகளுக்கு இடையில் பிரெஞ்சு வாடை வீசுகிற ஜேர்மன் மொழியில் கதை சொல்லுவார். பியானோக்காரரைக் கலியாணம் செய்தார். பியானோக்காரர் போய்விட்டார், பியானோ மட்டும் வீட்டில் நின்றது. தொண்டையில் ஒரு சத்திரசிகிச்சை. பல வருடங்கள் குரலே இல்லாமல், கடற்கரையில் ஒரு சிறிய விடுதி நடத்தினார். மறுபடி பாட வந்தபோது குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. அதுவே நல்லதாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைகளுக்குத் தொண்டை வலிக்காது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குடைப் பாட்டைத்தான் எப்போதும் கடைசியாகப் பாடுவார். அதற்குப் பிறகு எவ்வளவு கை தட்டினாலும் திரும்பி மேடைக்கு வரமாட்டார். இது எல்லாப் பேட்டிகளிலும் ஒரேமாதிரி இருந்த ஒரே தகவல்.

முதல் சந்தர்ப்பம் நான் விடுதியில் இருந்தபோதே வந்தது. பக்கத்து நகரத்தில் பாடுகிறார் என்று சுவரொட்டி. அந்தக் காலத்தில் நாங்கள் எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதற்கு அனுமதி கேட்டு அன்ராக், அதாவது விண்ணப்பம், போடவேண்டும். நான் போட்டேன். வெளிநாட்டவர் கந்தோரில் இருந்த அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இந்தப் பெண்மணி உங்களுக்கு என்ன உறவு?"

உறவில்லை என்றேன்.

"அப்படியென்றால் அவசியம் இல்லை" என்றார்.

நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "விசரா, ஏறிப் போயிட்டு வாவன். ஆர் பாக்கப் போறான்?"

"பிடிச்சால்?"

"பிடிச்சால் பாட்டுக் கேக்கப் போனனான் எண்டு உண்மையைச் சொல்லு. சுகமில்லாதவன் எண்டு விட்டிடுவாங்கள்."

நான் போகவில்லை. அனுமதி இல்லாமல் அவன் போகாத ஊர் கிடையாது. இன்று கொலோனில் மூன்று மாடி வீடு வைத்திருக்கிறான்.

இரண்டாவது சந்தர்ப்பம் பாரிஸில், என் தம்பியின் கலியாணத்தன்று. நாலு தெரு தள்ளி அவர் பாடுகிறார் என்று மண்டபத்துக்கு வருகிற வழியில் கண்டேன். ஆனால் மாப்பிள்ளையின் அண்ணன் இல்லாமல் குடும்பப் படம் எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. படப்பிடிப்பாளர் மணமக்களை இதயம் போலவும் அன்னம் போலவும் நிறுத்தி முடித்தபோது பிரான்ஸ் தேசமே படுத்துவிட்டது.

என் மனைவிக்கு அந்தப் பாட்டுப் பிடிக்காது. அவள் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த புதிதில் தட்டைப் போட்டு வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரிய ரசனை ஒன்றை எதிர்பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மனிசன் பாவம். குடையில்லாமல் எத்தினை நாள் நனைஞ்சிருப்பான். பொருளை வைச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்லுறவளுக்கு ஒரு பாட்டோ?"

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணம் முடித்த கையோடு நான் ஓடிவந்துவிட்டேன். அவள் ஊரில் காத்திருந்தாள். என் வழக்கு முடியவும் கடிதங்கள் போய்ச் சேரவும் வருடங்கள் ஆகின. அவள் கிழமைக்குக் கிழமை உபதபால் கந்தோருக்குப் போய், யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள். "இன்னும் வரேல்லை பிள்ளை. அடுத்த கிழமை வந்து பார்" என்பாராம் அங்கே இருந்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பாடகிக்குக் 'குடைக்காரி' என்று பெயர்.

மனைவி இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றாள். நான் கேபிள் தொழிற்சாலை, பிறகு நகரசபையின் சமூக உதவிப் பகுதி என்று போய் ஓய்வு பெற்றேன். பாடகி இரண்டு தடவை ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தார். மூன்றாவதும் கடைசியுமான பிரியாவிடை கொலோனில், ஞாயிறு பிற்பகல் என்று பத்திரிகையில் கண்டதும் இரண்டு நுழைவுச்சீட்டு எடுத்தேன்.

"எனக்கும் எடுத்தனீங்களோ?" என்றாள் மனைவி.

"ஓம்."

"நான் கேட்டனானோ?"

"இல்லை."

"குடைக்காரிக்கு இப்ப என்ன வயசு?"

எண்பதைத் தாண்டிவிட்டது என்றேன். "வெறுங்கையோடயோ போறது?" என்றாள்.

"அங்கை பூச்செண்டு குடுப்பாங்கள்."

"பூ நாளைக்கு வாடிப்போம். எங்கட ஆக்கள் எண்டால் ஒரு பொன்னாடை போத்துவம். அலுமாரியிலை கிடந்து மணக்குது, ஒண்டைக் கொண்டுபோங்கோ."

அலுமாரியின் ஒரு தட்டு நிறையப் பொன்னாடைகள் இருந்தன. ஹம்மிலிருந்து பீலெஃபெல்ட் வரை எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததற்கும், சங்கக் கூட்டங்களை நேரத்துக்குத் தொடங்கிவைக்க முயன்று தோற்றதற்கும் எனக்குப் போர்த்தியவை. பொன்னாடைக்கு ஒரு சுற்றோட்டம் உண்டு. ஒரு வருடம் நான் ஒருவருக்குப் போர்த்தியது அடுத்த வருடம் எனக்கே வந்தது. கரையில் இருந்த மஞ்சள் கறையால் அடையாளம் கண்டேன். மனைவி கறை இல்லாத ஒன்றாகப் பார்த்து மடித்துப் பையில் வைத்தாள்.

ஒழுங்குமுறை எனக்குத் தெரியாததா? மண்டபத்தாருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. பதில் வராத விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகாது என்பது என் நீண்டநாள் கொள்கை. அடுத்து, மதிப்பளிப்பை எந்த இடத்தில் வைப்பது? எங்கள் விழாக்களில் அது கடைசி நிகழ்ச்சிக்கு முன்னால்தான் நடக்கும். கடைசி நிகழ்ச்சி முடிந்தால் சனம் சாப்பாட்டுக்கு ஓடிவிடும், போர்த்துகிறவரும் போர்க்கப்படுகிறவரும் மட்டும் மிஞ்சுவார்கள். அவரோ கடைசிப் பாட்டுக்குப் பிறகு திரும்பி வருகிறவர் அல்ல. ஆகவே கடைசிக்கு முந்திய பாட்டின்போது எழுந்துபோய் ஆளைப் பிடித்து அனுமதி எடுப்பது, போர்த்துவது, இருக்கைக்குத் திரும்புவது, குடைப் பாட்டைப் பார்ப்பது. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யாராலும் காட்டியிருக்க முடியாது.

அவர் ஒரு கைத்தடியோடு மேடைக்கு வந்தார். கறுப்புச் சட்டை, கட்டை வெட்டிய வெள்ளை முடி, தட்டையான சப்பாத்து. தடியைப் பியானோவில் சாய்த்துவிட்டு, அது விழாது என்று தெரிந்தபின்தான் எங்களைப் பார்த்தார். பாதிப் பாட்டு, பாதிப் பேச்சு. எட்டாத இடங்களில் குரலை அனுப்பாமல் கையைத் தூக்கிக் காட்டினார், காதுக்கு அது எட்டியது. சுரங்கத்து ஊரைப் பாடினார். பியானோக்காரர் விட்டுப்போன வீட்டைப் பாடினார். நான் சுவருக்கு மறுபக்கத்திலிருந்து கேட்ட குரலுக்கு ஒரு வாயும் ஒரு கழுத்தும் இருப்பதை அன்றுதான் கண்டேன். மனைவி என் பக்கம் சரிந்து, "முழங்கால் நோகுது போலை, பாருங்கோ, ஒரு காலிலைதான் நிக்கிறா" என்றாள். அவள் தொழில் அது.

வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்யத் தொடங்கினார். கடைசிக்கு முந்திய பாட்டு வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கை போறீங்கள்?"

"இந்தா வாறன்."

பக்கக் கதவுக்கு வெளியே நடைவழியில், கழுத்தில் அட்டை தொங்க ஒரு ஜேர்மன்காரர் நின்றார். என் வயதுதான், ஓய்வூதியத்துக்கு மேலே ஒரு சின்ன வேலை. பொன்னாடையை விரித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கலைஞருக்கு எதையும் போர்த்துவதற்கு ஏற்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும் என்றார். மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னேன். பதில் வந்ததா என்று கேட்டார். என் கொள்கையைச் சொன்னேன். அவருடைய கொள்கை நேர்மாறாக இருந்தது. இருவரும் மரியாதையோடு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே பியானோ நாலு சுரம் வாசித்தது.

அந்த நாலு சுரங்களை நான் எங்கே வைத்தும் அடையாளம் காண்பேன்.

கதவுப் பிடியில் கை வைத்தேன். அவர் தன் கையை மெதுவாக அதற்குமேல் வைத்தார். பாட்டு நடக்கும்போது கதவு திறக்கப்படாது என்றார். எதிர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் திறந்திருக்கமாட்டேன்.

ஆகவே நின்று கேட்டேன். குரலைவிட அதிர்வுதான் கூட வந்தது. அவன் முதல் தரம் வருகிறான். போகிறான். மறுபடி வருகிறான். பியானோ நின்றது. நானும் அந்த மனிதரும் மூச்சுவிடாமல் கதவைப் பார்த்தோம். மௌனம். பிறகு சிரிப்பு, கதவு அதிர. பிறகு அது அறுந்தது, தட்டில் அறுந்ததுபோலவே.

"என்ன செய்தார்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன்.

"எனக்கும் எப்போதும் தெரிவதில்லை. நான் இந்தப் பக்கம்தானே நிற்கிறேன்" என்றார்.

கைதட்டல் தொடங்கியதும் அவரே கதவைத் திறந்துவிட்டார். நான் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்ட சமையல்காரி ஒருத்தியின் பாட்டு நடந்துகொண்டிருந்தது. சபை தாளம் போட்டது. அது முடிய அவர் தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினோம். அவர் வரவில்லை. திரும்பி வருவதில்லை என்ற பேச்சில் மட்டும் மாறாமல் நின்றார்.

ஹம்முக்கு வருகிற ரயிலில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. எங்கள் ஊரின் ஒரே புகழ், ஓடுகிற ரயிலை நிறுத்தி இரண்டாகக் கழற்றி இரண்டு திசைக்கு அனுப்புவது. அந்த ஊருக்குப் போகிற வண்டியில் வேறு என்ன வசதியை எதிர்பார்ப்பது? மனைவி பையிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறித் தானே போர்த்துக்கொண்டாள்.

"எங்கை போய் நிண்டனீங்கள்? உங்கட குடைப் பாட்டெல்லோ பாடினவ."

"அது கடைசியிலைதான் பாடுறது."

"அதை அவ சொன்னவ. எப்பவும் கடைசியாத்தான் பாடுறனான், இந்த வயசிலை முக்கியமானதைக் கடைசிக்கு வைக்கக் கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் பாடினவ. சனம் எல்லாம் சிரிச்சுது."

யன்னலுக்கு வெளியே டோர்ட்முண்டின் புறநகர் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் போனபின் கேட்டேன். "நடுவிலை பியானோ நிக்குமே. அப்ப என்ன செய்தவ?"

"எப்ப?"

"சனம் சிரிச்ச இடத்திலை. ரெண்டாந்தரம்."

"அதுவோ." அவள் யோசித்தாள். "குனிஞ்சு பாத்தவ. மேசைக்குக் கீழை பாக்கிறமாதிரி. பிறகு காலாலை தள்ளிவிட்டவ."

"எதை?"

"குடையை. அங்கை ஒண்டுமில்லைத்தான், ஆனால் எனக்குத் தெரிஞ்சுது, குடைதான். அவனுக்குத் தெரியக்கூடாதெண்டு மெள்ளமாய் உள்ளுக்குத் தள்ளினவ. அதுவும் அந்த நோகிற காலாலை."

"அதுக்கோ சிரிச்சவை?"

"ஓம்."

"பிறகு ஏன் நிப்பாட்டினவை?"

அவள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு வரிசைக்கும் இடையில் நின்றாள். எதிரே இருந்த இளம் ஜோடி ஒன்று கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. மனைவி குனிந்தாள். பொன்னாடையின் சரிகை தோளிலிருந்து நழுவியது. எங்கள் இருக்கைக்குக் கீழே எதையோ கண்டதுபோலப் பார்த்துவிட்டு, வலது காலால், அவளுக்கும் நோகிற காலால், அதை மெதுவாக உள்ளே தள்ளினாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் நிமிர்ந்தாள்.

"இன்னும் வரேல்லை. அடுத்த கிழமை வந்து பாருங்கோ" என்றாள்.

அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். என் சிரிப்பு பாதியில் அறுந்தது.

எதிரே இருந்த பிள்ளைகள் கைத்தொலைபேசிக்குத் திரும்பவில்லை. ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. அவள் இருக்கையில் அமர்ந்து பொன்னாடையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

"இன்னொருக்கால் செய்து காட்டும்" என்றேன்.

"ஹம் வருகுது" என்றாள். "பையை எடுங்கோ."